செஷன் தகவலும் சைக்கிள் டோக்கனும்



என் அப்பா சைக்கிள் ஸ்டாண்டில் வேலை பார்க்கிறார். வண்டியை விட்டால் டோக்கன் கொடுப்பார். டோக்கனில் வெறும் நம்பர்தான் இருக்கும். வண்டி உள்ளே பத்திரமாக நிற்கும். "காலேஜ்ல என்னதான்டா படிக்கிற?" என்று அவர் கேட்டபோது, செஷன் என்பதை இதை வைத்துத்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்கே புரிந்தது, உங்களுக்குப் புரியாதா?

எச்.டி.டி.பி.க்கு ஞாபகசக்தி கிடையாது. பிரௌசர் ஒவ்வொரு முறையும் சர்வரிடம் புது ஆள் மாதிரிதான் போய் நிற்கும். அதனால் லாகின் செய்தவர் யார் என்று குறித்து வைக்கிறோம். அதுவே செஷன். மெமரியில் உள்ள அந்தத் தகவலைச் சேமிப்பதற்காக பைட்டுகளாக மாற்றுவது சீரியலைசேஷன். திரும்பப் பிரிப்பது டிசீரியலைசேஷன். பிரிக்கும் இடத்தில்தான் ஆபத்து.

நான் செய்த தவறு

மினி ப்ராஜெக்ட்டில், 'இவர் மாணவர்' என்ற விவரத்தை பேஸ்64-இல் மாற்றி குக்கீயிலேயே வைத்தேன். பூட்டிவிட்டதாக நினைப்பு! என் பேட்ச் நண்பன் அதைப் பிரித்து, 'ஆசிரியர்' என்று மாற்றி, தன் மதிப்பெண்ணைத் தானே திருத்திக் காட்டினான். பேஸ்64 பூட்டு அல்ல, வேறு எழுத்தில் எழுதுவது மட்டுமே. அப்பாவிடம் சொன்னேன். "டோக்கன் நம்பரை அவனே திருத்திக்கிட்டா எவன் வண்டியையும் ஓட்டிக்கிட்டுப் போயிடுவானே!" என்றார்.

பெரிய ஆபத்து

பைத்தானின் பிக்கிள் இதைவிட மோசம். ஜேசான் சாமான் பட்டியல் மாதிரி. எழுத்து, எண், பட்டியல் போன்றவை மட்டுமே இருக்கும். பிக்கிளில் 'இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்ற கட்டளையும் இருக்கலாம். பிரிக்கும்போதே அது சர்வரில் ஓடிவிடும். பி.எச்.பி.யின் அன்சீரியலைஸ், ஜாவாவின் ஆப்ஜெக்ட் டிசீரியலைசேஷன் இரண்டிலும் இதே வகை ஆபத்து உண்டு.

ஜாங்கோவில் செஷனுக்கு முன்பு பிக்கிள்தான் வழக்கம். குக்கீயில் செஷனை வைக்கும் முறையில் ரகசியச் சாவி கசிந்தால், வெளியாள் தன் கட்டளையை சர்வரில் ஓட்டலாம். அதனால் 2013-இல் வந்த 1.6 பதிப்பில் ஜேசானுக்கு மாறினார்கள். 2023-இல் வந்த 5.0 பதிப்பில் செஷனுக்கான பிக்கிளை அடியோடு எடுத்துவிட்டார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. குக்கீயில் யூகிக்க முடியாத ரேண்டம் ஐ.டி. மட்டும் போதும். தகவல் சர்வரில் இருக்கட்டும்.

2. ஜேசானையே பயன்படுத்துங்கள். தேதியை எழுத்தாக மாற்றி வையுங்கள். டிக்ஷனரியின் சாவி 1 என்ற எண்ணாக இருந்தால், திரும்பி வரும்போது "1" என்ற எழுத்தாகிவிடும். கவனம்!

3. தகவலைக் குக்கீயில் வைத்தே ஆக வேண்டுமா? எச்மேக் முத்திரை இடுங்கள். முதலில் முத்திரையைச் சரிபாருங்கள், பிறகு பிரியுங்கள். முத்திரை திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும்; எதையும் மறைக்காது. ஆகவே பாஸ்வேர்டு வேண்டாம்.

4. ரகசியச் சாவியைப் புரோகிராமுக்குள் எழுதாதீர்கள். பென் டிரைவில் ப்ராஜெக்ட்டைக் காப்பி கொடுத்தால் சாவியும் கூடவே போய்விடும்.

5. லாகின் ஆனதும் புது ஐ.டி. கொடுங்கள். லாக்அவுட் ஆனதும் சர்வரில் பழையதை அழியுங்கள்.

இன்று நமக்கு இது லேப் மார்க். நாளை நாம் எழுதும் புரோகிராமில் யாரோ ஒருவருடைய சம்பளமும் மருத்துவக் குறிப்பும் இருக்கும். தெரிந்த முகமாக இருந்தாலும் டோக்கனைப் பார்க்காமல் அப்பா வண்டியை விடமாட்டார். நாமும் அப்படியே இருப்போம்!



– இரண்டாமாண்டு மாணவன், கணிப்பொறித் துறை