விருப்பப் பட்டியலுக்கு முன் ஒரு வெயிட்டேஜ் தாள்

கல்லூரிச் சேர்க்கைக் காலம்: திருத்தணி வட்டாரப் பெற்றோர், மாணவர் கவனத்துக்கு

பிளஸ் டூ முடிவுகள் வந்துவிட்டன. பொறியியல் கலந்தாய்வு நெருங்குகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கணக்கிடும் கட்-ஆஃப், வெயிட்டேஜ் முறைதான். கணிதத்துக்கு மட்டும் பாதிப் பங்கு. அதே முறையில் இப்போது நீங்கள் கல்லூரிகளுக்கு மார்க் போடுங்கள்.

1. முதலில் கழியுங்கள். ஏஐசிடிஇ அங்கீகாரமோ பல்கலைக்கழக இணைப்போ இல்லாதவை, வீட்டு வருமானம் தாங்காதவை தாளில் ஏறவே வேண்டாம்.

2. கல்லூரிப் பெயர்களைப் பேசும் முன் 100 புள்ளிகளைப் பங்கிடுங்கள். உதாரணமாக: பாடப்பிரிவு 30, செலவு 25, போக்குவரத்து 20, ஆசிரியர்-ஆய்வகம் 15, வேலைவாய்ப்பு 10. பெயர் தெரிந்த பிறகு பங்கிட்டால், பிடித்த கல்லூரிக்கு ஏற்றபடி புள்ளிகள் வளைந்துவிடும்.

3. ஒவ்வொரு அம்சத்துக்கும் 10-க்கு மார்க் போட்டு, அதன் புள்ளியால் பெருக்கிக் கூட்டுங்கள். கல்லூரியும் பாடப்பிரிவும் சேர்ந்ததே ஒரு விருப்பம். ஒரே கல்லூரியின் இரண்டு பிரிவுகளுக்கு இரண்டு வரி. வீட்டிலிருந்து போய்வரும் கல்லூரி 6, 9, 9, 5, 4 வாங்கினால் மொத்தம் 700. சென்னைப் பக்கக் கல்லூரி 9, 5, 4, 8, 8 வாங்கினால் 675.

4. பங்கை மாற்றிப் பாருங்கள். பாடப்பிரிவை 40 ஆக்கி, செலவை 15 ஆகக் குறைத்தால் முதல் கல்லூரி 670, இரண்டாவது 715. முடிவு தலைகீழ்! அப்படியானால் வீட்டில் பேசித் தீர்க்க வேண்டியது எந்தக் கல்லூரி என்பதை அல்ல. பணமா, படிப்பா, எது முன்னால் என்பதை.

நம் ஊருக்கான குறிப்புகள்

போக்குவரத்து: சென்ட்ரல் வரை மின்சார ரயிலில் ஒரு வழிக்கே ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அரக்கோணம், திருவள்ளூர் பக்கம் என்றால் அந்த அளவுக்கு மார்க் கூடும்.

செலவு: அரசுப் பள்ளி மாணவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வு வழிச் சேர்க்கைக்கு உண்டு. புத்தூர், திருப்பதிப் பக்கக் கல்லூரி கிட்டத்தில் இருந்தாலும் இந்தச் சலுகைகள் எல்லை தாண்டி வராது. முழுக் கட்டணத்தையே கணக்கில் எடுங்கள்.

கலை, அறிவியல் படிக்க எண்ணுவோர் திருத்தணியிலேயே உள்ள அருள்மிகு சுப்பிரமணிய சுவாமி அரசு கலைக் கல்லூரியையும் தாளில் ஏற்றிப் பாருங்கள்.

பட்டியல் இடும்போது

கூடுதல் மார்க் வாங்கியதை மேலே வையுங்கள். கட்-ஆஃப் எட்டாதென்று பயந்து பிடித்ததைக் கீழே தள்ள வேண்டாம். ஒதுக்கீடு உங்கள் முதல் விருப்பத்திலிருந்தே தொடங்கும். அது இல்லையென்றால் அடுத்ததற்கு இறங்கும், நஷ்டம் எதுவும் இல்லை. ஆனால் கிடைக்கக்கூடியவையும் போதுமான அளவு இருக்கட்டும்.

மார்க் நெருங்கி நிற்கும் இரண்டு கல்லூரிகளையும் இந்த வாரமே நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். லாக் செய்த பட்டியலைத் திருத்த முடியாது.