கடைக்காரர் கையில் போன்

அன்புள்ள வாசகருக்கு,

சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதியிருந்தீர்கள். ஊரில் இருக்கும் ஒரே பலசரக்குக் கடையும் மூடப்போகிறது, இனி செல்போனிலேயே சாமான் வாங்கிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு. ஆனால் அந்தப் போன் முதலில் கடைக்காரருக்குப் பயன்பட்டால்தான் ஊருக்கு நல்லது என்பேன்.

யோசித்துப் பாருங்கள், டிஜிட்டல் கடை உங்களுக்குப் புதிதல்ல. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்த பிறகு ரேஷன் கடையில் எல்லாம் இயந்திரத்தில்தான் பதிவாகிறது. வாங்கிய சரக்கின் விவரம் போனுக்குக் குறுஞ்செய்தியாக வருகிறது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த இயந்திரமும் தராசும் வண்டியேறி வீட்டு வாசலுக்கே போயின. எடை போட்டுக் கொடுக்க ஆளும் கூடவே போனார். அந்த ஆள் இருந்ததால்தான் போனைத் தொட்டறியாத பாட்டிக்கும் அரிசி கிடைத்தது.

இதற்கு மாறாக, ஸ்வீடனில் 'லிஃப்ஸ்' என்ற நிறுவனம் ஆளில்லாத கடைகளைக் கிராமங்களில் வைத்தது. போனைக் காட்டினால் கதவு திறக்கும். வங்கி வழங்கும் மின் அடையாளம் அங்கே ஏறக்குறைய எல்லோரிடமும் இருப்பதால் அது சாத்தியம். நமக்குப் பொருந்துவது 2020 ஊரடங்கில் பொதுச் சேவை மையங்கள் நடத்திய கிராமிய இணையக் கடைதான். மையம் நடத்தும் உள்ளூர்க்காரரே ஆர்டர் எடுத்து, அவரே சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

இனி உங்கள் ஊர்க் கடைக்கு வருவோம். ரேஷனில் அரிசியும் பருப்பும் பாமாயிலும் வரும். புளி, வற்றல், சோப்புக்குக் கடைதான். 2021 மே முதல் அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டவுனுக்குப் போய் மாதச் சாமானை மொத்தமாக வாங்கி வருவது அவர்களுக்கு லாபம். யாரும் குறை சொல்ல முடியாது. ஊர்க் கடைக்கு மிஞ்சுவது பத்து ரூபாய் எண்ணெயும், அவசரத்துக்கு ஒரு தேங்காயும், கூலி வரும்வரை பற்றும். இவற்றை எந்தச் செயலியும் தராது. இவற்றை மட்டும் விற்று எந்தக் கடையும் நிற்காது.

ஆகவே கடைக்காரரின் செலவைக் குறைக்க வேண்டும். சரக்கெடுக்க அவர் கடையைப் பூட்டிவிட்டு டவுனுக்குப் போகும் அரை நாளைப் போன் மிச்சப்படுத்தும். கடைக்காரர்களுக்கு மொத்த விலையில் சரக்கு அனுப்பும் 'உடான்' போன்ற நிறுவனங்கள் 2016 முதல் இருக்கின்றன. உங்கள் பக்கம் வண்டி வருமா என்று விசாரியுங்கள். வராவிட்டால் அக்கம்பக்கத்து நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து சங்கரன்கோவில் மொத்தக் கடைக்கு வாட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பி, ஒரே லோடு ஆட்டோவில் இறக்கிக்கொள்ளலாம். உங்கள் ஊர்க் கடைக்காரரால் இனி நடத்த முடியாது என்றால், மகளிர் சுயஉதவிக் குழு கடையை எடுத்து நடத்துமா என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள்.

அதற்கு முன் கடைக்காரரிடம் இரண்டு கணக்குக் கேளுங்கள்: சரக்கெடுக்க மாதத்தில் எத்தனை நாள் கடையைப் பூட்டுகிறார், பற்று நோட்டில் எவ்வளவு நிற்கிறது என்று. முதலாவதைப் போன் தீர்த்துவிடும். இரண்டாவதை ஊர்தான் தீர்க்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்