மிஸ் மார்ப்பிள் சொன்னதை யார் நம்பினார்கள்?

முதலாம் ஆண்டில், இலக்கியமும் திரைப்படமும் பற்றிய பாடம் ஒன்றிற்காக ‘மர்டர் ஷி செட்’ என்னும் பழைய ஆங்கிலப் படத்தை வீட்டில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாட்டி அமர்ந்திருந்தார். படத்தில் மூதாட்டி ஒருவர் இரயிலில் போகிறார். பக்கத்துத் தண்டவாளத்தில் அதே திசையில் இன்னோர் இரயில் வருகிறது. அதன் சன்னல் திரை சட்டென்று மேலே சுருண்டுகொள்ள, உள்ளே ஒருவன் ஒரு பெண்ணின் கழுத்தை நெரிப்பது தெரிகிறது. மூதாட்டி பதறிப்போய்ப் பயணச்சீட்டுப் பரிசோதகரிடம் சொல்கிறார். அவரோ, மூதாட்டி படித்துக்கொண்டிருந்த மர்ம நாவலைப் பார்த்துவிட்டு, கனவு கண்டிருப்பார் என்று முடிவு செய்துவிடுகிறார்.

நான் சிரித்தேன். ஆங்கிலம் தெரியாத பாட்டி சிரிக்கவில்லை. “அந்தம்மா எதையோ பாத்துட்டுத்தானே சொல்றாங்க? ஏன் யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கிறாங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகு மூலநாவலைப் படித்தேன். படத்தையும் மீண்டும் பார்த்தேன். பாட்டியின் கேள்விதான் இப்படத்தின் திறவுகோல் என்று இப்போது நினைக்கிறேன். இன்னும் பார்க்காதவர்கள் அஞ்ச வேண்டாம். கொலையாளி யார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

நாவலும் படமும்

அகதா கிறிஸ்டி 1957-இல் வெளியிட்ட ‘4.50 ஃப்ரம் பாடிங்டன்’ என்னும் நாவலைத் தழுவி, ஜார்ஜ் பொல்லாக் இயக்கத்தில் 1961-இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் இது. துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளாக நடித்தவர் மார்கரெட் ரதர்ஃபோர்ட். 1892-இல் பிறந்த அவருக்கு அப்போது எழுபது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. படம் பெற்ற வரவேற்பால் 1963, 1964 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று படங்கள் வந்தன. அவற்றுள் இரண்டு, கிறிஸ்டியின் மற்றொரு துப்பறிவாளரான புவாரோவின் கதைகளை மிஸ் மார்ப்பிளுக்காக மாற்றி எடுக்கப்பட்டவை. மூன்றாவதான ‘மர்டர் அஹாய்’ எந்த நாவலையும் தழுவாமல் புதிதாக எழுதப்பட்ட கதை.

கிறிஸ்டிக்கு இப்படங்கள் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அவர் படைத்த மிஸ் மார்ப்பிள் ஒல்லியானவர். பின்னல் வேலை செய்துகொண்டே அமைதியாக யோசிப்பவர். ரதர்ஃபோர்டோ பருத்த உடலும் நீண்ட மேலங்கியும் முன்தள்ளிய தாடையுமாகப் புயல்போல் நுழைகிறார். ஆனாலும் நடிகையின் மீது கிறிஸ்டிக்கு மதிப்பு இருந்தது. 1962-இல் வெளிவந்த மிஸ் மார்ப்பிள் நாவல் ஒன்றை ரதர்ஃபோர்டுக்கே காணிக்கையாக்கினார்.

மூவர் ஒருவரானார்

நாவலில் இக்கதையை மூன்று பெண்கள் சுமக்கிறார்கள். கொலையைக் காண்பவர் மிஸ் மார்ப்பிளின் தோழி திருமதி மெகில்லிகடி. பிணத்தைத் தேடிப் பெரிய வீடொன்றில் பணிக்குச் சேர்பவர் லூசி ஐலெஸ்பரோ. இவர் ஆக்ஸ்ஃபோர்டில் கணிதத்தில் முதல் நிலையில் தேறி, வீட்டுவேலைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அதையே நல்ல வருமானமுள்ள தொழிலாக்கிக்கொண்ட இளம்பெண். துப்புகளைக் கோத்து உண்மையைக் காண்பவர் மட்டுமே மிஸ் மார்ப்பிள்.

படம் இம்மூவரையும் ஒருவராக்கிவிட்டது. காண்பதும் தேடுவதும் சிந்திப்பதும் மிஸ் மார்ப்பிளே. “கதையைக் கெடுத்துவிட்டார்கள்” என்பதுதான் என் முதல் எண்ணம். லூசி போன்ற அருமையான பாத்திரம் காணாமற்போனது இழப்புதான். அதை இன்றும் மறுக்கமாட்டேன்.

ஆனால் இம்மாற்றத்தின் விளைவைக் கவனியுங்கள். நாவலில், கண்டவர் சொல்வதை நம்ப ஒரு தோழி இருக்கிறார். படத்தில் கண்டவருக்குத் தம் கண்ணைத் தவிர வேறு சாட்சியில்லை. விசாரிக்க வரும் ஆய்வாளர் கிரடோக், இரயிலிலும் தண்டவாளத்தோரமும் பிணம் எதுவும் கிடைக்கவில்லை என்கிறார். தேனிலவுத் தம்பதியரின் விளையாட்டாக இருந்திருக்கலாம் என்றும் சொல்கிறார். மணமாகாதவளாக இருந்தாலும் விளையாட்டுக்கும் கொலைக்கும் தமக்கு வேறுபாடு தெரியும் என்ற பொருளில் மிஸ் மார்ப்பிள் பதிலடி கொடுக்கிறார். நாவலில் புதிராக இருந்தது, படத்தில் ஒருவருடைய சொல்லின் மதிப்பைப் பற்றிய போராட்டமாகிவிடுகிறது.

சிரிப்பு இடம் மாறுகிறது

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைக்கிறது. பேதைமையும் அந்நான்கில் ஒன்று. இந்த அளவுகோல் இப்படத்துக்கு நன்கு பொருந்துகிறது. தொடக்கத்தில் நாம் மூதாட்டியை எள்ளிச் சிரிக்கிறோம். பரிசோதகரின் பக்கம் நிற்கிறோம். பிறகு அவரும் நூலகர் ஸ்டிரிங்கரும் இரயில்பாதைத் தொழிலாளர்போல் வேடமிட்டுத் தண்டவாளத்தோரம் தேடுகிறார்கள். காவல்துறை கண்டெடுக்காத தடயம் அவர்களிடம் சிக்குகிறது. அப்போது நம் சிரிப்பு மெல்ல மற்றவர்களின் பேதைமைமீது திரும்புகிறது.

அத்தடயம் ஆக்கென்தோர்ப் குடும்ப மாளிகையை நோக்கி இட்டுச்செல்ல, மிஸ் மார்ப்பிள் அங்கு வேலைக்காரியாகச் சேர்கிறார். குழிப்பந்தாட்டப் பயிற்சி என்ற சாக்கில் தோட்டம் முழுவதையும் அலசுகிறார். வேலைக்காரியை, அதிலும் வயதான வேலைக்காரியை, யார் உற்றுப் பார்க்கிறார்கள்? இரயிலில் அவர் சொல்லைப் பயனற்றதாக்கிய அதே அலட்சியம் இங்கே அவருக்கு மாறுவேடமாகிறது. எந்தக் குறையைக் காட்டி ஒதுக்கினார்களோ அதையே கருவியாக்கிக்கொள்கிறார்.

தயங்கித் தயங்கியாவது அவருக்குத் துணை நிற்பவர் ஸ்டிரிங்கர் ஒருவர்தான். நாவலில் இல்லாத இப்பாத்திரத்தில் நடித்த ஸ்டிரிங்கர் டேவிஸ், ரதர்ஃபோர்டின் உண்மைக் கணவர். அதே வீட்டில் திருமதி கிட்டராக வரும் ஜோன் ஹிக்சனைப் பார்க்கும்போது எனக்குச் சிலிர்க்கும். 1984 முதல் 1992 வரை பிபிசி தொலைக்காட்சியில் மிஸ் மார்ப்பிளாக நடித்துப் புகழ்பெற்றவர் அவர். நாளைய மிஸ் மார்ப்பிள் அதே சமையலறையில் நின்றிருந்தார். அன்று அது யாருக்கும் தெரியாது.

நாம் கற்க வேண்டியது

தழுவல் படங்களைப் பற்றி எழுதும்போது நம்மில் பலர் எது விடுபட்டது, எது சேர்க்கப்பட்டது என்று பட்டியலிட்டு முடித்துவிடுகிறோம். என் முதல் கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. பட்டியல் தொடக்கம் மட்டுமே. அந்த மாற்றத்தால் கதையின் கேள்வி எப்படி மாறியது, பார்வையாளரின் சிரிப்போ பரிவோ யார் பக்கம் நகர்ந்தது என்று அடுத்துக் கேட்க வேண்டும். இக்கேள்விகளை எந்தத் தழுவலுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாட்டி ஏதாவது சொன்னால், “வயசாயிடுச்சு, ஏதோ சொல்றாங்க” என்று எங்கள் வீட்டில் பலமுறை கடந்து போயிருக்கிறோம். அன்று இரயில் காட்சியில் நான் யார் பக்கம் நின்று சிரித்தேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தானோ என்னவோ, படம் முடியும்வரை அவர் வேறெதுவும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் அவர் பேசத் தொடங்கினால் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துவிடுகிறேன்.