படையிலிருந்து திரும்பியவரின் பூரண ஆரோக்கியம்

நாற்றங்காலிலிருந்து பறித்து நட்ட பயிர், வேர் பிடிக்கும்வரை சில நாள் வாடித்தான் நிற்கும். அந்நாட்களில் அதைக் கண்காணித்துக் காப்பது தரங்கம்பாடிச் சுற்றுவட்டக் குடியானவர் அனைவரும் அறிந்த விஷயம். படையை விட்டு ஊர் திரும்பும் சிப்பாயின் நிலைமையும் அத்தகையதே.

சிப்பாய்கள் பலர் நடுவயதிலேயே ஓய்வு பெறுகின்றனர். அதுவரை விழிப்பு, ஆகாரம், தேகப்பயிற்சி, வைத்தியம் யாவும் கட்டளைப்படி நடந்தன. பின்னர் கட்டளையிடுவார் எவருமில்லை. உழைப்புக் குறைந்தும் ஆகாரம் குறையாவிடில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் தலைகாட்டலாம். வெடியோசையால் செவி மந்தமாகலாம். போர்முனையில் கண்டவை உறக்கத்தைக் கெடுக்கலாம். சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், காரணமற்ற கோபம், தனிமை நாடுதல், குடி ஆகியவற்றைக் குணக்கேடென்று தள்ளிவிடலாகாது. அவை சிகிச்சையால் தணியக்கூடிய மனநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம்.

1944-இல் பூனாவில் செயற்கை அவயவ நிலையம் ஸ்தாபிக்கப்பட்டது. இரண்டாம் உலக மகாயுத்தத்திற்குப் பின் சென்னை மாகாணத்தில் முன்னாள் சிப்பாய்களுக்கென மோட்டார் போக்குவரத்துக் கூட்டுறவுச் சங்கங்களும் நிலக் குடியேற்றச் சங்கங்களும் ஏற்பட்டன. உடலும் ஜீவனமும் இவ்வாறு கவனிக்கப்பட்டன. மனத்தையும் குடும்பத்தையும் அவற்றோடு சேர்த்துக் கவனித்தாலன்றி ஆரோக்கியம் பூரணமாகாது.

அங்கத்தினர் அறிய வேண்டியவை:

1. முன்னாள் படைவீரர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1 முதல் நடைபெறுகிறது. ஒருமுறை செலுத்தும் தொகையால் பென்ஷன்தாரருக்கும் மனைவிக்கும் விதிப்படி அவரைச் சார்ந்தோருக்கும் சிகிச்சை உண்டு. முதலில் திட்டத்தின் மருத்துவ நிலையத்தை அடைய வேண்டும். தேவையானால் அங்கிருந்து அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவர். உயிராபத்தில் அருகிலுள்ள ஆஸ்பத்திரியிலேயே சேர்க்கலாம். 48 மணி நேரத்துக்குள் மருத்துவ நிலையத்துக்குத் தகவல் தருதல் அவசியம்.

2. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் உத்தரவு, வைத்தியக் குறிப்புகள் இருக்குமிடத்தை மனைவியும் அறிந்திருக்க வேண்டும். சந்தேகங்களுக்கு ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகுக.

3. மனக்கலக்கமுற்றோரும் அவர் குடும்பத்தாரும், 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே இலவசமாக ஆலோசனை பெறலாம்.

இவற்றோடு சங்கத்தின் கடமையும் உண்டு. ஒழுங்கிலும் பொறுப்பிலும் பழகியவர், ஊரில் தம்மால் யாதொரு பயனுமில்லை என்றெண்ணித் திண்ணையில் முடங்குவது பெரும் நோயாகும். கிடங்கு மேற்பார்வை, உர விநியோகம் போன்ற காரியங்களில் அவருக்குத் தக்கதை ஒப்புவியுங்கள். அவரை அழைத்துக் கேட்பது நன்று, வற்புறுத்தல் வேண்டாம்.

கூட்டத்தில் ஆலோசிக்க: நம் கிராமத்தில் ஓய்வு பெற்ற சிப்பாய்கள் எத்தனை பேர்? அவருள் திட்டத்தில் சேராதவர் யார்? கணவரை இழந்த சிப்பாய் மனைவியரின் பத்திரங்கள் சரியாயுள்ளனவா? அடுத்த கூட்டத்திற்குள் அவர்கள் இல்லம் சென்று விசாரிப்பவர் யார்?