மந்தநிலையில் முதலில் மூடப்படும் கடைகள்

கேள்வி: பொருளாதார மந்தநிலையில் பிரிட்டனின் கடைவீதிகளில் எத்தகைய சில்லறை நிறுவனங்கள் முதலில் வீழ்கின்றன?

பதில்: விற்பனை சரியும்போதும் சரியாத செலவுகளை, அதாவது வாடகையையும் கடன் வட்டியையும், மிகுதியாகச் சுமக்கும் நிறுவனங்களே முதலில் வீழ்கின்றன என்பதற்கு, 1909இல் லிவர்பூலில் பிரிட்டனின் முதல் கடையைத் திறந்த வூல்வொர்த்ஸின் முடிவு தெளிவான சான்றாகும். 2001இல் அதன் தாய் நிறுவனமான கிங்ஃபிஷர், 182 கடைகளின் கட்டடங்களை 61.4 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டு, அதே இடங்களில் வாடகைக்குக் கடை நடத்தும் சுமையை வூல்வொர்த்ஸின் தலையில் ஏற்றியது. சொத்து கைவிட்டுப் போனபின் வாடகை மட்டுமே எஞ்சியது. 2008இல், வாங்கியவர் பணம் தராவிட்டால் சரக்கு அனுப்பியவருக்கு இழப்பை ஈடுசெய்யும் வணிகக் கடன் காப்பீடு குறைக்கப்பட்டதால், சரக்கு வழங்குவோர் முன்பணம் கேட்கத் தொடங்கினர். ரொக்கக் கையிருப்பற்ற நிறுவனத்துக்கு இதுவே மரண அடி. நவம்பரில் அது திவால் நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்றது. 2009 ஜனவரி 6க்குள் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, ஏறத்தாழ 27,000 பேர் வேலையிழந்தது பெருந்துயரம். வூல்வொர்த்ஸின் மொத்த விற்பனைப் பிரிவையே சரக்குக்கு நம்பியிருந்த இசைத்தட்டு விற்பனை நிறுவனமான ஸாவியும் 2008 டிசம்பரில் சாய்ந்தது.