சாமி புறப்படும் நாளில் எங்கே நிற்பது

எங்கள் குடும்பத்தில் கோயில் பயணத்துக்கு நாள் பார்ப்பது, டிக்கெட் போடுவது, தங்க இடம் பிடிப்பது எல்லாம் பல வருடங்களாக என் பொறுப்பு. மூட்டுவலிக்கார அத்தை, சர்க்கரைக்கு மாத்திரை போடும் பெரியப்பா, பாதி வழியில் தூங்கிப்போகும் பிள்ளைகள் என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டுதான் போவோம். கூட்டத்துக்குப் பயந்து திருவிழாப் பக்கமே தலைவைக்காதவர்கள் உண்டு. உச்ச நாளில், உச்ச நேரத்தில், மூலவர் முன்னால் நின்றே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. திருவிழா நடப்பதே சாமி வெளியே வருவதற்காகத்தான். படியேற முடியாதவரும், வரிசையில் நிற்க முடியாதவரும் பார்க்கட்டும் என்று உற்சவர் வீதிக்கு வருகிறார். அந்த நாளில் நாம் உள்ளே போக முண்டியடிப்பானேன்? எந்த நாள், எந்த வீதி, எந்த நேரம் என்று யோசித்து வைத்துக்கொண்டால் திருவிழாவையும் பார்க்கலாம், உடம்பும் நோகாது.

மதுரை சித்திரைத் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். ஊரே கூடுவது மூன்று நிகழ்ச்சிகளுக்கு: மீனாட்சி திருக்கல்யாணம், மறுநாள் தேரோட்டம், அடுத்து சித்ரா பௌர்ணமியை ஒட்டி அழகர் வைகையில் இறங்குவது. ஆனால் கொடியேறிய நாள் முதலே அம்மனும் சுவாமியும் காலையும் மாலையும் மாசி வீதிகளில் வலம் வருகிறார்கள். மூன்றாம் நாள் கைலாச பர்வதமும் காமதேனுவும், ஆறாம் நாள் ரிஷப வாகனம். அந்த நாள்களில் மாசி வீதியில் ஒரு கடைத் திண்ணையில் உட்கார்ந்தால் போதும். கோலாட்டம் ஆடிவரும் சிறுமிகள், சாமி வேஷம் கட்டிய பிள்ளைகள், மேளம், பின்னால் வாகனம் என்று எல்லாம் நம் முன்னாலேயே கடந்து போகும். உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பெரியவர்களைப் பார்த்தால் அவர்களே இடம் விட்டு உட்காரச் சொல்வார்கள்.

திருக்கல்யாணத்தை நேரில் பார்க்கக் கட்டணச் சீட்டும் உண்டு, இலவச அனுமதியும் உண்டு. இளவயதுக்காரர்கள் தாராளமாக முயலலாம். முதியவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. கல்யாண நேரத்தில் கோயிலுக்கு வெளியே எங்கேயாவது நிழலில் இருங்கள். மங்கல நாண் பூட்டும் அந்த வேளையில் ஊர் முழுக்கப் பெண்கள் நின்ற இடத்திலேயே புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். அன்று சேதுபதி பள்ளியில் கல்யாணச் சாப்பாடு நடக்கும், மொய் எழுதுகிறவர்கள் எழுதுவார்கள். மாலையில் அம்மன் பூப்பல்லக்கிலும் சுவாமி யானை வாகனத்திலும் மாசி வீதிக்கு வருகிறார்கள். கல்யாணக் கோலத்தை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. ஒருமுறை மேல மாசி வீதியில் அத்தையை நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். பல்லக்கு கடந்ததும், "உள்ள போயி அரை நிமிஷம் பாக்குறதுக்கு, இங்கன உக்காந்து கண்ணாரப் பாத்துட்டேன்டா" என்றார்.

அழகர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். தங்கக் குதிரையில் அவர் ஆற்றில் இறங்கும் விடியலில் ஆழ்வார்புரம் பக்கம் ஆற்றுக்குள் நிற்பது எல்லோருக்கும் ஏற்றதல்ல. 2022ஆம் ஆண்டு அந்த நெரிசலில் சிக்கி இருவர் இறந்தார்கள். ஆனால் அழகர் ஆற்றுக்கு மட்டும் வருகிறவர் இல்லை. கள்ளழகர் கோலத்தில் அழகர்கோவிலிலிருந்து கிளம்பி, வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறார். முதல் நாளே மூன்றுமாவடியிலிருந்து எதிர்சேவை. செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி, "வாராரு வாராரு" என்று வரவேற்கிற கூட்டம். தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள். மண்டகப்படிகள் அடுத்தடுத்து இருப்பதால் ஆற்றங்கரை போல ஒரே இடத்தில் நெருக்காமல், சாலை நெடுகக் கூட்டம் பரவி நிற்கும். ஆற்றில் இறங்கிய பிறகும் அவர் உடனே மலைக்குத் திரும்பிவிடுவதில்லை. வண்டியூர் போகிறார், தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்கு மோட்சம் கொடுக்கிறார், ராமராயர் மண்டபத்தில் விடிய விடிய தசாவதாரம், பிறகு பூப்பல்லக்கு. வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் ஆற்றில் இறங்கிய அன்றே ஊர் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அன்று மாலை மதுரைக்கு வந்து சேருங்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும், லாட்ஜில் அறை கிடைக்கும், தசாவதாரமும் பூப்பல்லக்கும் பார்த்துவிட்டுப் போகலாம்.

மதுரையில் தங்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விழா நாள்களில் மாசி வீதிகளுக்குள் வண்டி போகாது. அதனால் கோயிலுக்கு எத்தனை அடி என்று கேட்பதைவிட, ரயில் நிலையத்திலிருந்து பெட்டியோடு நடந்து வர முடியுமா என்று கேளுங்கள். ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, டவுன்ஹால் ரோடு, மேலவெளி வீதிப் பக்கம் அறை எடுத்தால் ஆட்டோவை நம்ப வேண்டியதில்லை. அத்தை மாதிரி ஆட்கள் மதியம் வந்து படுத்துவிட்டு மாலையில் மறுபடி போகலாம். சித்திரை வெயிலில் அந்த மதியத் தூக்கம் இல்லாவிட்டால் மாலைப் புறப்பாட்டைப் பார்க்க உடம்பில் தெம்பு இருக்காது.

சாமி வெளியே வருவதால் வரும் இன்னொரு விஷயம் வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது. தைப்பூசத்தன்று மீனாட்சியும் சொக்கநாதரும் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவார்கள். ஆவணி மூலத் திருவிழாவில் புட்டுக்கு மண் சுமந்த நாளில் புட்டுத்தோப்புக்குப் போவார்கள். பங்குனியில் முருகன் கல்யாணத்துக்காகத் திருப்பரங்குன்றம் போவார்கள். அந்த நாள்களில் அவர்கள் திரும்பி வரும்வரை கோயில் நடை சாத்தியிருக்கும். ரயிலில் இரவெல்லாம் வந்து கோபுர வாசலில் திகைத்து நிற்கிற குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரங்கால் மண்டபம் மட்டும் பார்க்கலாம் என்பார்கள். தைப்பூசத்தன்று தெப்பக்குளத்துக்கே போய்விடுவதுதான் சரி. நாள் முழுக்க அம்மனும் சுவாமியும் அங்கேதான் இருப்பார்கள்.

இதே மாதிரி, அந்தந்தக் கோயிலில் சில நாளில் மட்டும் கிடைக்கிற தரிசனமும் உண்டு, கிடைக்காததும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் ஆனி ஜேஷ்டாபிஷேகத்தன்று பெரிய பெருமாளுக்குத் தைலக்காப்பு சாற்றுவார்கள். அதன்பின் 48 நாள் திருவடி சேவை கிடையாது. திருவடியைச் சேவிக்கத்தான் போகிறோம் என்றால் அந்த நாள்களைத் தவிர்க்க வேண்டும். திருவொற்றியூரிலோ தலைகீழ். ஆதிபுரீஸ்வரர் வருடம் முழுக்கக் கவசத்தோடு இருக்கிறார். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைகிறார்கள். உத்தரகோசமங்கை மரகத நடராஜருக்கு ஆருத்ரா தரிசனத்தின்போதுதான் சந்தனம் களைவது. இப்படிப்பட்ட இடங்களுக்குக் கூட்டத்தோடுதான் போயாக வேண்டும், மாற்று இல்லை. மூன்று நாள் இருந்தால் நடுநாளின் அதிகாலையை நான் தேர்ந்தெடுப்பேன்.

ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பரமபத வாசல் ஏகாதசி விடியலில் மட்டும்தான் திறக்கும் என்று நினைத்து இரவெல்லாம் நிற்கிறார்கள். ஏகாதசியில் தொடங்கும் இராப்பத்தின் அடுத்த நாள்களிலும் அந்த வாசல் திறக்கிறது. எட்டாம் நாள், திருமங்கை மன்னன் வேடுபறி நடக்கும்போது மட்டும் திறப்பதில்லை. பிள்ளைகளுக்கு அந்த வேடுபறியைக் காட்டுங்கள். குதிரையில் வரும் பெருமாளை மன்னன் வழிமறிக்கும் காட்சியை அவர்கள் மறக்கவே மாட்டார்கள்.

நாள் குறிப்பதில் ஒரு பெரிய சிக்கல், எல்லாக் கோயிலும் ஒரே கணக்கில் நாள் குறிப்பதில்லை என்பது. 2021ஆம் ஆண்டு ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி டிசம்பர் 14, கார்த்திகை மாதத்திலேயே வந்துவிட்டது. மற்ற கோயில்களில் 2022 ஜனவரி 13. அதேபோல 2025 மார்ச் 29 அன்று சனிப்பெயர்ச்சி என்று திருக்கணிதப்படி எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு, தங்களுக்கு அந்த வருடம் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. வீட்டு நாள்காட்டியில் போட்டிருக்கிறதே என்று டிக்கெட் எடுக்காதீர்கள். கோயில் போடும் உற்சவப் பத்திரிகை வந்ததும் அதைப் பாருங்கள், இல்லையானால் கோயில் அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. பத்திரிகை வருவதற்குள் பதிவு திறந்துவிடுகிற நிலைமை வரும் என்பதால், அலுவலகத்தில் கேட்பதுதான் வழி.

பஞ்சாங்கத்தில் இல்லாத கூட்டமும் ஒன்று உண்டு. கார்த்திகை முதல் தை வரை சபரிமலைக்குப் போகிற ஆந்திர, தெலங்கானா, கர்நாடக பஸ்கள் பழனி, மதுரை, ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று நம் கோயில்களையும் சுற்றித்தான் போகின்றன. அதே மாதங்களில் மேல்மருவத்தூர் சக்திமாலைக் குழுக்களும் வழியில் உள்ள கோயில்களுக்கெல்லாம் போகும். எந்தத் திருவிழாவும் இல்லாத ஒரு டிசம்பர் செவ்வாய்க்கிழமை ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமில்லாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அரையாண்டு விடுமுறையும் அதோடு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். குடும்பத்தோடு அமைதியாகச் சுற்ற நான் விரும்புவது ஆனி மாதத்தின் வேலைநாள்களை. பள்ளி திறந்திருக்கும், சபரிமலைக் கூட்டம் இருக்காது. நெல்லையப்பர் கோயில் மாதிரி ஆனித் தேர் ஓடும் ஊர்களை மட்டும் விழாவுக்கென்றே தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

பழனியில் தைப்பூசத்துக்கு விஞ்ச்சுக்கும் ரோப் காருக்கும் நிற்கும் வரிசையில் நேரமெல்லாம் போய்விடும். ஓரளவு நடக்கக்கூடிய பெரியவர்களை யானைப்பாதை வழியாக மெல்ல அழைத்துப் போகலாம், படிப்பாதையைவிடச் சரிவு குறைவு. முடியாதவர்களைக் கிரிவீதியிலேயே உட்கார வையுங்கள், காவடிகள் அங்கே வந்துகொண்டே இருக்கும்.

கோயிலுக்குள் இப்போது செல்போன் கொண்டுபோக முடியாது. மீனாட்சி கோயிலில் 2018 தீ விபத்துக்குப் பிறகு தடை வந்தது, 2022இல் உயர்நீதிமன்றம் எல்லாக் கோயில்களுக்கும் தடை சொன்னது. இதனால் உள்ளே ஒருவரை ஒருவர் தவறவிட்டால் தேடிப்பிடிப்பது கஷ்டம். உள்ளே போகும் முன்பே சந்திக்கும் இடத்தைப் பேசிவைத்துவிட வேண்டும். "கோபுரத்துக்குக் கீழே" என்று சொல்லாதீர்கள், மதுரையில் நாலு பக்கமும் கோபுரம். "செருப்பு விட்ட இடம்" என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிள்ளைகள் சட்டைப்பையில் அப்பா, அம்மா நம்பர் எழுதிய சீட்டு. பெரியவர்களிடமும் அதே சீட்டு, கூடவே போடும் மாத்திரையின் பெயரும். சர்க்கரைக்காரர்களுக்குக் கையில் பிஸ்கட்டோ சுண்டலோ இருக்கட்டும். அன்னதானம் பல கோயில்களில் உண்டு, ஆனால் பசிக்கும் நேரத்தில் அங்கே போய்ச் சேர முடியும் என்று உறுதியில்லை. முடியாத ஒருவரோடு கூட இருக்க இன்னொருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள். துணைக்கு இருந்தவருக்கு அடுத்த நாள் தனியாகத் தரிசனத்துக்கு நேரம் ஒதுக்க வேண்டும், அது நியாயம்.

கடைசியாக திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்களே வெளியே வர, 2,668 அடி உயர மலையில் மகாதீபம் ஏறும். அன்றைக்கு ஊருக்கு வெளியே தற்காலிகப் பஸ் நிலையத்தில் இறங்கி நடக்க வேண்டும். பௌர்ணமியும் ஒட்டியே வருவதால் அடுத்த ஒன்றிரண்டு நாளும் கிரிவலப் பாதை நிரம்பியிருக்கும். மலையேறுவதை நம்பித் திட்டம் போட வேண்டாம். 2024இல் மண்சரிவுக்குப் பிறகு பக்தர்களை ஏற விடவில்லை. ஆனால் தீபம் அன்றோடு அணைந்துவிடாது, 11 நாள் எரியும். பௌர்ணமி கழிந்து நாலைந்து நாள் விட்டுப் போங்கள். மாலை ஐந்து மணிக்கு ராஜகோபுரத்திலிருந்து நடக்கத் தொடங்கினால், இருட்டும்போது மலைமேல் தீபம் தெரியும். பாதை 14 கிலோமீட்டர். எட்டு லிங்கங்களிலும் நின்று நின்று போகலாம், முடியாதவர்களை ஆட்டோவில் அழைத்துப்போய் அடி அண்ணாமலையில் இறக்கிவிட்டு, நடக்கிறவர்கள் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம். பௌர்ணமி இரவில் அந்தப் பாதையில் ஆட்டோ ஓடாது.