வெட்டுவாயைச் செப்பஞ் செய்யும் கத்தி

மாமரத்தின் பெருங்கிளையொன்றை வாளால் அரிந்தபின், அரிந்த இடத்தை விரலாற் சற்றே தடவிப் பாருங்கள். மரப்பரப்பு பிசிர் பிசிராகவும், விளிம்பிலுள்ள பட்டை நார் நாராகக் கிழிந்தும் இருத்தலை உணர்வீர்கள். கிளை விழுந்ததும் வேலை முடிந்ததென எண்ணிப் பெரும்பாலான கமக்காரர் வாளைத் தோளில் இட்டுக்கொண்டு போய்விடுகின்றனர். உண்மையில் இன்னும் கால்மணி நேர வேலை எஞ்சியிருக்கின்றது. அதற்குரிய கருவி கையடக்கமான ஒரு வளைகத்தியேயாகும்.

இச்சிறு வேலையைச் செய்யாது விடுவதால் வரும் நட்டம் உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. வளவிலே நிற்கும் கறுத்தக் கொழும்பான் ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டே இருக்கும். இலையும் பச்சையாகவே இருக்கும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழிந்து, சோழகக் காற்று வீசும் ஒரு நாளில், மரத்தின் பாதி பிளந்து கூரையின்மேல் விழும். விழுந்ததன் உள்ளே பார்த்தால் மரம் உளுத்துப் பொந்தாயிருக்கும். அப்பொந்தின் வாயைத் தேடிச் சென்றால், எவரோ எப்போதோ கரடுமுரடாக வெட்டிவிட்ட பழைய கிளையொன்றின் அடியிற் கொண்டுபோய் விடும். ஒரு மாமரம் நல்ல பலனுக்கு வர எத்தனை ஆண்டுகள் செல்லும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

மரத்திற்கு ஏற்படும் காயம் நம் உடம்பிற் காயம் ஆறுவதைப்போல ஆறுவதன்று. இறந்த இழையத்தை மரம் புதுப்பிப்பதில்லை. அதனைச் சுற்றி அரண் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்கின்றது. பட்டைக்கும் மரத்திற்கும் இடையிலே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. காயத்தின் விளிம்பிலுள்ள இப்படையிலிருந்தே மூடுபடை உருண்டு திரண்டு எழுந்து, நாலாபுறமிருந்தும் உள்நோக்கி வந்து காயத்தை மூடும். விளிம்பு சீராயிருப்பின் மூடுபடையும் சீராக எழும். பட்டை மரத்தைவிட்டுக் கிளம்பியும் கிழிந்தும் இருப்பின், அப்பகுதி காய்ந்து இறந்துபோக, அதன் அடியிலே நீர் தங்கும். பங்கசுகளுக்கும் எறும்புகளுக்கும் அது நல்ல உறைவிடமாகும்.

இனிக் கத்தியைக் கவனிப்போம். மூன்று அல்லது நான்கு அங்குல நீளமுள்ளதும், நுனி சிறிது உள்வளைந்ததும், பிடி கைக்கு நிறைவாயிருப்பதுமான கத்தி ஏற்றது. வளைவு இருப்பதாலேயே இழுக்கும்போது அலகு வழுகாது பட்டையைப் பற்றிக்கொள்கிறது. அரும்பொட்டுக் கத்தியை இதற்குப் பயன்படுத்தலாகாது. அதன் மெல்லிய அலகு முறியும். ஆட்டுக்குக் குழை வெட்டும் கொக்கச்சத்தகம் கிளையின் நுனிக்கு உரியதே தவிர வெட்டுவாய்க்கு உரியதன்று.

கூர் இல்லாத கத்தியாற் செப்பஞ் செய்வதிலும் செய்யாது விடுவதே நன்று. மழுங்கிய அலகு பட்டையை அறுக்காது நசுக்கிவிடும். பனை சீவும் தொழிலாளர் தம் பாளைக்கத்தியைப் பேணும் முறையைக் கமக்காரர் ஒருமுறை அருகிருந்து பார்ப்பாராயின், இத்துண்டுப்பிரசுரத்தின் இப்பகுதியை எழுதவே தேவையிராது. பாளையின் முகத்தைத் தாள்போல் மெல்லியதாகச் சீவ வேண்டியிருப்பதால், தீட்டாத கத்தியுடன் அவர் மரம் ஏறுவதில்லை. நமக்கு எண்ணெய்க்கல் ஒன்று போதும். முதலிற் கல்லின் கரடான பக்கத்திலும், பின்னர் மென்மையான பக்கத்திலும் ஓரிரு துளி எண்ணெயிட்டு, அலகைப் படுக்கையிலிருந்து சிறிதளவே உயர்த்திப் பிடித்துத் தீட்டவேண்டும். அலகு வளைந்திருப்பதாற் கல்லையே அலகின் வளைவைப் பின்பற்றி நகர்த்துவது எளிது. தீட்டி முடிந்ததும் அலகின் ஓரத்திலும் இரும்புப் பிசிர் நிற்கும். அதனைத் தோல்வாரில் இருபுறமும் மாறிமாறி இழுத்து நீக்குக. பச்சைச் சுள்ளியொன்றைச் சரிவாகச் சீவும்போது வெட்டுமுகம் பளபளவென்று தோன்றினாற் கத்தி ஆயத்தமாகிவிட்டது.

கிளையை வெட்டும் முறை தவறினால் எந்தக் கத்தியாலும் அதனைத் திருத்த இயலாது. பாரமான கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து அரிந்தால், முழுதும் அறுமுன்பே அது தன் பாரத்தால் முறிந்து, அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். ஆதலால் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழ்ப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்திற்கு முதலில் அரிக. அதற்குச் சிறிது அப்பால் மேலிருந்து அரிந்து கிளையை வீழ்த்துக. எஞ்சிய கட்டையைக் கடைசியாக நீக்கலாம். கிளை அடிமரத்துடன் சேருமிடத்திற் கழுத்துப்போலத் தடித்த ஒரு வளையம் காணப்படும். அவ்வளையம் அடிமரத்தோடேயே இருக்கத்தக்கதாக, அதற்குச் சற்று வெளியே அரியவேண்டும். அடிமரத்தோடு ஒட்ட அரிவது அழகாயிருக்கலாம். ஆனால் மரத்தின் அரணையே வெட்டி எறிவதாகும்.

பின்னர் வளைகத்தியை எடுத்து, விளிம்பைச் சுற்றிலும் கிழிந்த பட்டையை மட்டும் மெல்லிய சீவல்களாக நீக்குக. அலகு பட்டையின் புறத்திலிருந்து மரத்தை நோக்கிச் செல்லவேண்டும். உள்ளிருந்து வெளியே இழுத்தால் நல்ல பட்டையும் மரத்தைவிட்டுக் கிளம்பும். மற்றக் கை எப்போதும் அலகின் பின்புறத்திலேயே இருக்கட்டும். பட்டை இறுகப் பற்றியிருக்கும் இடத்தை அடைந்ததும் நிறுத்திவிடுக. ஆர்வமிகுதியாற் காயத்தைப் பெரிதாக்குவோரும் உளர். அது வேண்டாத வேலை. ஓரங்குலத்திற்குக் குறைந்த வெட்டுக்களுக்குக் கூரிய கத்தரியே போதும், செப்பஞ் செய்யவேண்டியதில்லை.

புயலில் முறிந்த மரங்களிற் பட்டை நீளவாட்டில் உரிந்திருக்கும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி போன்றவற்றின்பின் இத்தகைய காயங்களே மிகுதி. இவற்றை மேலுங்கீழும் கூர்நுனியுள்ள இலைவடிவிற் செதுக்குமாறு பழைய நூல்கள் கூறின. தோட்டங்களில் வெட்டுவாய்க்குத் தார் பூசும் வழக்கமும் நெடுங்காலம் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவின் வனச் சேவையிற் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்து ஆராய்ந்தார். பூச்சுக்கள் உட்சிதைவைத் தடுப்பதில்லை என்பதை அவருடைய ஆராய்ச்சிகள் காட்டின. 1986 இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பின்னர் இக்கருத்து உலகெங்கும் பரவியது. ஆகவே தார் வேண்டாம்; நுனிகளை உருண்டையாக விட்டால் நல்ல பட்டை வீணாவதுமில்லை.

தோடை, தேசி ஆகியவற்றிற் பிசின்வடி நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் மண்ணிலிருந்து மழைத்துளியுடன் தெறித்து, அடிமரக் காயங்களினூடாகப் புகும். நோயுற்ற மரத்தை வெட்டிய கத்தியைத் துடைக்காமல் அடுத்த மரத்தில் வைத்தல் நாமே நோயைக் காவிச்செல்வதாகும். நூற்றுக்கு 70 வீத மதுசாரத்தில் நனைத்த துணியாற் கத்தியையும் வாளையும் மரத்துக்கு மரம் துடைக்கவேண்டும். சலவைத்தூள் கரைசலும் உதவும். ஆனால் இரும்பை அரிக்குமாதலாற் பின்னர் கழுவி உலர்த்துதல் அவசியம்.

வடபகுதியில் மாம்பழ அறுவடை முடிந்த ஆடி, ஆவணி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. ஐப்பசி மழைக்கு முன் காயத்தின் முகம் உலர்ந்துவிடும். மறுவருடம் அதே காலத்தில் வெட்டுவாயைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் மூடுபடை வளையமாக எழுந்திருந்தாற் கைவையாது விடுக. ஓரிடத்தில் மட்டும் எழாதிருந்தால், அங்கே பட்டை இறந்திருக்கும். அதனை மட்டும் உயிருள்ள பட்டை வரை நீக்குக. எழுந்த மூடுபடையின்மேற் கத்தி படலாகாது. வேலை முடிந்ததும் கத்தியின் அலகைத் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி, சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.